வேப்பிலை கட்டிய ஆறாம் அறை

காரைக்குடி
20-4-2021

அன்புள்ள மதினிக்கு,

சுபா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். நீங்களும் அண்ணனும் அம்மாவும் சுகந்தானே? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

இனிமேல் சனிக்கிழமை என்னைப் பார்க்க வராதீர்கள். கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வார்டில் இருந்த போனையும் நேற்றுக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இருபத்திரண்டு பெண்கள் ஒரே ரிசீவரை வாயருகே வைத்துப் பேசுகிறோம், தொற்றுக்கு அது போதும் என்றார் தீபலட்சுமி சிஸ்டர். எங்கள் வார்டுக்குப் பொறுப்பு அவர்தான். கடிதம் எழுதலாம், அதை யாரும் பிரித்துப் படிக்க மாட்டார்களாம். ஆனால் வெளியிலிருந்து வரும் கடிதம் மூன்று நாள் ஓர் அட்டைப்பெட்டியில் வெயில் காய்ந்துவிட்டுத்தான் கைக்கு வரும். போனில் எனக்குப் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இதுவே நல்லது.

டிவியில் சொல்கிற பாதுகாப்பு எதுவும் மனநல ஆஸ்பத்திரியில் அப்படியே நடக்காது மதினி. சானிடைசரை வெளியே வைத்தால் யாராவது குடித்துவிடுவார்கள் என்று சிஸ்டர்கள் பையிலேயே வைத்திருக்கிறார்கள். நாடா வைத்த மாஸ்க் யாருக்கும் கிடையாது, ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை. சாப்பிடும் இடத்தில் தள்ளித் தள்ளிச் சாக்பீஸால் வட்டம் போட்டார்கள். தேவகோட்டையில் இட்லிக் கடை வைத்திருந்த பெத்தாச்சி என்று ஒருவர் இருக்கிறார். "வட்டத்துக்குள்ள உக்கார நான் என்ன கோழியா? அப்படியே பஞ்சாரத்தையும் கொண்டாந்து கவுத்துருங்க" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மாத்திரை கொடுக்கும் முறையும் மாறிவிட்டது. முன்பு சிஸ்டர் எதிரிலேயே நிற்பார். விழுங்கியதும் "ஆ காட்டு" என்பார், நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். இப்போது கிட்டே வரக்கூடாது, மாஸ்க்கைக் கழற்றச் சொல்லக்கூடாது. பெயர் எழுதிய காகிதக் கோப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுகிறார்கள்.

மூன்று மாதமாக நன்றாகத் தூங்குகிறேன். இப்படியே இருந்தால் ஜூன் கடைசியில் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர். அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சுபலட்சுமி


கீழச்சிவல்பட்டி
27-4-2021

அன்பு சுபாவுக்கு மதினி துர்காதேவி எழுதுறது.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அத்தைக்குக் கால் தேவலாம். நான் எட்டாப்பு வரைக்கும் படிச்சவ. எழுத்துப் பிழை இருந்தா சிரிக்காத.

ஜூன்ல வாரேன்னு படிச்சதும் அத்தை ரெண்டு தரம் படிக்கச் சொன்னாக. உங்க அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு வயக்காட்டுப் பக்கம் போயிட்டாக. அவுக எப்பவும் அப்படித்தான்.

ஊர்ல கேக்குறவுககிட்ட எல்லாம் கோயம்புத்தூர்ல கம்ப்யூட்டர் வேலைன்னே சொல்லியிருக்கோம். எதிர்வீட்டு ஈஸ்வரி, "அங்க கொரோனாவாமே, சுபாவை வரச் சொல்ல வேண்டியதுதானே?"ன்னு கேட்டா. ஆபீஸ்ல விட மாட்டேங்கிறாகன்னேன். பொய் சொல்றது எனக்குச் சுலபமாப் போச்சு.

நம்ம வீட்லயே பட்டம் வாங்குன ஒரே ஆள் நீதான். உனக்கு நான் சொல்லணும்னு இல்ல. ஆனாலும் சொல்றேன். டிசம்பர்ல பதினோரு நாள் பொட்டுத் தூக்கம் இல்லாம நீ செவுரு பூரா எழுதிக்கிட்டே இருந்தது என் கண்ணைவிட்டுப் போகலை. மாத்திரையை மட்டும் விட்டுறாத.

ஒடம்பைப் பாத்துக்க.
மதினி


காரைக்குடி
9-5-2021

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். நான் சுகம். அண்ணனை மாஸ்க் போட்டுக்கொண்டு கடைக்குப் போகச் சொல்லுங்கள்.

தொற்று எங்கள் வார்டுக்குள் வந்துவிட்டது. பயப்படாதீர்கள், எனக்கு இல்லை. எனக்கு அடுத்த கட்டிலில் படுத்திருக்கும் அழகிக்கு.

அழகிக்கு என் வயதுதான் இருக்கும். யார் கையையாவது பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும் அவளுக்கு. பெரும்பாலும் என் கையைத்தான். செவ்வாய்க்கிழமை காலையில் தட்டைத் தள்ளிவிட்டு, "சாம்பார்ல இருந்த மணத்தை யாரோ களவாண்டுட்டாக" என்று அழுதாள். புதிதாக வந்திருக்கும் சிஸ்டர் அதை நோயின் பேச்சு என்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். அழகி சொல்வது எல்லாம் அப்படித்தான் எழுதப்படும். தன் தம்பி நிலாவில் வேலை பார்க்கிறான் என்று சொல்கிறவள் அவள்.

எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் பெத்தாச்சியிடம் தைல டப்பாவை வாங்கி அவள் மூக்கடியில் வைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் மணம் தெரியவில்லை என்றாள். யாரிடம் சொல்வது? நானும் ஒரு நோயாளி. நான் சொன்னால் அதையும் ஒரு ஷீட்டில் எழுதுவார்கள். சாயங்காலம் வரை சிஸ்டர் அறைக்கு முன்னால் நின்றுவிட்டு நின்றுவிட்டுத் திரும்பினேன். கடைசியில் தீபலட்சுமி சிஸ்டரே வெளியே வந்து, "என்ன சுபா, வழி அளக்குறியா?" என்றார். சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உடனே டெஸ்ட் எடுத்தார்கள். இருக்கிறது என்று வந்துவிட்டது.

அழகியை ஆறாம் அறையில் தனியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் கதவைப் பூட்டக்கூடாது என்கிறார் டாக்டர், பூட்டினால் அவள் மனம் இன்னும் கெடும். பூட்டாவிட்டால் ஆளாளுக்கு உள்ளே போகிறார்கள். சிவப்பு எழுத்தில் போர்டு மாட்டினார்கள். பெத்தாச்சி அந்தப் போர்டைக் கழற்றி விசிறிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு டெஸ்டில் இல்லை என்று வந்தது. இருந்தாலும் கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.

சுபா


கீழச்சிவல்பட்டி
14-5-2021

அன்பு சுபாவுக்கு,

நாங்க சுகம். உன் கடுதாசியைப் படிச்சதுலேர்ந்து அத்தை சாமி மாடத்தைவிட்டு நகரலை. நல்ல காரியம் பண்ணியிருக்க. நீ வாயைத் தொறந்து சொன்னேன்னு உங்க அண்ணன்கிட்டச் சொன்னேன். "நம்ம சுபாவா?"ன்னாக.

போர்டு மாட்டுனா யார் மதிப்பா? இங்க மேலத்தெருவுல ஒரு வீட்டுக்குத் தகரம் அடிச்சாக. மறுநாளே தகரத்துச் சந்துல தலையை விட்டு, "என்ன குழம்பு?"ன்னு கேட்டுக்கிட்டு நிக்கிறாக. நான் ஈஸ்வரிகிட்டச் சொன்னேன், இதுக்குத் தகரம் எதுக்குடி, வாசல்ல ரெண்டு கொத்து வேப்பிலையைச் சொருகியிருந்தா ஒரு பய எட்டிப் பாப்பானா? அம்மை கண்ட வீடுன்னா ஊரே வழி சுத்திப் போகும்ல.

இங்க ஊரடங்கு. காரைக்குடிக்குப் பஸ் இல்ல. தபால்காரர் மட்டும் வாராரு, பாவம்.

மாத்திரை போடுறியா?

மதினி


காரைக்குடி
24-5-2021

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். எல்லாரும் சுகமா? நான் மிகவும் சுகம்.

உங்கள் கடிதம் பதினெட்டாம் தேதி கிடைத்தது. அன்று மாலையே சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன், இந்தத் தடவை வாசலில் நிற்கவே இல்லை. "ஆஸ்பத்திரியிலயா?" என்று முதலில் சிரித்தார். பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மரத்திலிருந்து அவரே ஒடித்து வந்து ஆறாம் அறை வாசல் நிலையில் கட்டினார். ஒரு மணி நேரத்தில் வார்டே மாறிவிட்டது மதினி! போர்டை விசிறியாக்கின பெத்தாச்சி தூரத்திலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருவர்கூட அந்த வராண்டாவில் கால் வைக்கவில்லை. கை கால் கழுவாமல் யாரும் கூடத்துக்குள் வருவதில்லை. இன்னும் இரண்டு பேருக்கு வந்துவிட்டது, அவர்களும் அந்த அறைக்குத்தான் போனார்கள், ஆனால் அதற்குப் பிறகு புதிதாக யாருக்கும் இல்லை. டாக்டரே ஆச்சரியப்பட்டார்.

ஒரே தொல்லை சமையல்காரருக்குத்தான். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூடாது என்று சாம்பாரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "கடுகு போட்டது ஒரு குத்தமாய்யா?" என்று கேட்டில் நின்று சத்தம் போட்டார். இப்போது எல்லாருக்கும் தாளிக்காத பருப்பும் மோரும்தான். பெத்தாச்சி சட்டமே போட்டுவிட்டார். ஆத்தா இறங்கி இருக்கிற இடத்தில் இன்னது ஆகும், இன்னது ஆகாது என்று விரல் மடக்கிச் சொல்கிறார். மருந்து மாத்திரைகூட ஆகாதாம்!

எனக்கு இப்போது நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. களைப்பே இல்லை. இவ்வளவு காலம் தூங்கி வீணாக்கிவிட்டேன் என்று தோன்றுகிறது. வேப்பிலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன்.

சுபா


கீழச்சிவல்பட்டி
30-5-2021

சுபா,

நாங்க நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்க?

வேப்பிலை விஷயத்தை அத்தைகிட்டப் படிச்சுக் காட்டுனேன், விழுந்து விழுந்து சிரிச்சாக. நானும் சிரிச்சேன். அப்புறம் தனியா உக்காந்து இன்னொரு தரம் படிச்சேன். சிரிப்பு வரலை.

உன் எழுத்து எப்பவும் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடிசா கோட்டு மேலயே நிக்கும். இந்தக் கடுதாசில கடைசிப் பக்கம் கோட்டைத் தாண்டி மேல மேல ஏறிப் போகுது. டிசம்பர்லயும் நோட்டுல அப்படித்தான் மொதல்ல ஏறுச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அம்மைக்கு மருந்து ஆகாதுன்னு அந்தம்மா சொன்னதை மத்தவுக கேட்டுக்கிட்டாகளா? நீ கேட்டுக்கிட்டியா? மாத்திரை போடுறியா? வேற எதுவும் எழுத வேணாம். இதுக்கு மட்டும் பதில் எழுது.

மதினி


காரைக்குடி
4-6-2021

அன்புள்ள மதினிக்கும் அண்ணனுக்கும் அம்மாவுக்கும் ஊரில் உள்ள எல்லாருக்கும்,

வணக்கம் வணக்கம். எழுத நிறைய இருக்கிறது, தாள் போதவில்லை, அதனால் ஓரத்திலும் எழுதியிருக்கிறேன், சுற்றித் திருப்பிப் படியுங்கள். என் கட்டுரை கட்டுரையாக நிற்கவில்லை, திட்டமாக வளர்ந்துவிட்டது, முப்பத்தொரு பக்கம், கலெக்டருக்கு. எல்லா ஊரிலும் தொற்று வந்த வீட்டுக்கு வேப்பிலை, வராத வீட்டுக்கு மாவிலை, பஸ்ஸில் சீட்டுக்கு ஒரு இலை, இதை யாராவது யோசித்தார்களா மதினி? ஒரு பட்டிக்காட்டுப் பெண் யோசித்தாள்! அழகி நேற்று ஜன்னல் வழியாகப் பேசினாள், அவளுக்கு மணம் திரும்பிவிட்டது, மோரில் இஞ்சி இருக்கிறது என்று சரியாகச் சொன்னாள். நான் மற்ற கட்டில்களை எல்லாம் ஆறடி தள்ளிப் போட்டுவிட்டேன், ஒரே ஆளாக. சிஸ்டர்களுக்கு நேரமே இல்லை, இருவர் விடுப்பில், கவசத்துக்குள் நனைந்துபோய் நடக்கிறார்கள், யார் முகமும் தெரியவில்லை, கண் மட்டும்.

அம்மாவின் கால் எப்படி இருக்கிறது? ஈஸ்வரியைக் கேட்டதாகச் சொல்லுங்கள். வெண்டைக்காய் காய்த்ததா? எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

சுபலட்சுமி, பி.எஸ்ஸி.


கீழச்சிவல்பட்டி
7-6-2021

மதிப்புக்குரிய தீபலட்சுமி சிஸ்டர் அவுகளுக்கு,

உங்க வார்டுல இருக்கிற சுபலட்சுமியோட அண்ணன் பொண்டாட்டி துர்காதேவி எழுதிக்கிறது. நீங்க சுகமா இருக்க வேண்டிக்கிறேன். ஆபீஸ் போனுக்கு முப்பது தடவை போட்டாச்சு, யாரும் எடுக்கலை. அதான் வீட்டுக்காரர்கிட்ட இதைக் குடுத்துவிடுறேன். போலீஸ் மறிச்சாலும் கேட்டு வரைக்கும் வந்துருவாக.

சுபா மாத்திரை போடலைன்னு நினைக்கிறேன். என் கண்ணால பாக்கலை. எழுத்தைப் பாத்துச் சொல்றேன். வேப்பிலை கட்டுனதுனால மருந்து ஆகாதுன்னு உங்க வார்டுல ஒரு பேச்சு இருக்கு. அவ மட்டும் இல்ல, மத்தவுகளும் போடாம இருக்கலாம். தயவுபண்ணி வாயைத் தொறக்கச் சொல்லிப் பாருங்க.

நான் எழுதுனதா அவகிட்டச் சொல்லிக்கங்க. மறைக்க வேணாம்.

இப்படிக்கு,
துர்காதேவி


காரைக்குடி
15-6-2021

அன்புள்ள துர்காதேவி அவர்களுக்கு,

வணக்கம். சுபா இப்போது டாக்டரின் நேரடிக் கவனிப்பில் இருக்கிறார். மருந்து தொடங்கியாயிற்று. நேற்று ஐந்து மணி நேரம் தூங்கினார்.

நீங்கள் நினைத்தது சரி. நீங்கள் எழுதியது என்று சொல்லித்தான் கேட்டேன். சுபா மறைக்கவில்லை. "எல்லாரும் நிறுத்துனப்ப நானும் நிறுத்திட்டேன் சிஸ்டர். ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். பத்தொன்பது நாள். அவரைத் தவிர இன்னும் ஒன்பது பேர் நிறுத்தியிருந்தார்கள். மாத்திரைகள் குளியலறைக்குப் பின்னால் செம்பருத்திச் செடியின் அடியில் கிடந்தன.

உங்களிடம் ஒன்றை மறைக்க முடியாது. உங்கள் கணவர் கொண்டுவந்த கடிதம், நாங்கள் வைத்த விதிப்படி மூன்று நாள் பெட்டியில் வெயிலில் இருந்தது. அந்த மூன்றாம் நாள் காலையில்தான் பெத்தாச்சிக்கு வலிப்பு வந்து கீழே விழுந்தார். வலிப்பு வராமல் தடுக்கும் மாத்திரையை அவரும் நிறுத்தியிருந்தார். நெற்றியில் ஏழு தையல். பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டத்துக்கு நடுவே எட்டு மணி நேரம் காத்திருந்தோம், எதற்குப் பயந்து அவரை வெளியே விடாமல் வைத்திருந்தோமோ அந்த இடத்திலேயே. இப்போது திரும்பி வந்து தனி அறையில் இருக்கிறார், டெஸ்டில் ஒன்றும் இல்லை.

தப்பு சுபாவுடையது அல்ல. எங்கள் இரண்டு மாத ரிஜிஸ்டரைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் "கொடுக்கப்பட்டது" என்று இருக்கிறது. விழுங்கினார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. தொற்று பரவாமல் பார்த்துக்கொண்டோம், வந்த வேலையை விட்டுவிட்டோம்.

இப்போது ஒவ்வொருவராகத் திறந்த முற்றத்தில் நிறுத்தி, முகக் கவசத்தோடு தள்ளி நின்று டார்ச் அடித்து வாயைப் பார்க்கிறோம். கடிதங்களைக் கையுறை போட்டு அன்றே பிரிக்கிறோம். வேப்பிலையைக் கழற்றிப் பார்த்தோம், அரை மணி நேரத்தில் மூன்று பேர் ஆறாம் அறைக்குள் இருந்தார்கள். திரும்பக் கட்டிவிட்டோம். ஆறு பேர் இன்னும் மாத்திரையைத் தொட மறுக்கிறார்கள். வற்புறுத்தித் திணிக்க எனக்கு மனம் இல்லை.

தங்கள்,
தீபலட்சுமி


காரைக்குடி
29-6-2021

மதினிக்கு,

நலம்.

நீங்கள் சிஸ்டருக்கு எழுதியது தெரியும். என்னிடம் கேட்டீர்கள், நான் சொல்லவில்லை, உடனே அவரிடம் சொல்லிவிட்டீர்கள். ஜூன் கடைசி என்று சொல்லியிருந்த டாக்டர் இப்போது எந்த மாதத்தையும் சொல்வதில்லை.

பெத்தாச்சியின் தலைக் கட்டைத் தினமும் பார்க்கிறேன். அவர் மாத்திரையைச் செடிக்கடியில் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். நானும் போட்டேன்.

மருந்தில் கை நடுங்குகிறது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

சுபா


கீழச்சிவல்பட்டி
5-7-2021

அன்பு சுபாவுக்கு,

அத்தை சுகம். அண்ணன் சுகம். நான் மூணு நாளா இதை எழுதி எழுதிக் கிழிச்சேன்.

மன்னிப்புக் கேக்கலாம்னுதான் உக்காந்தேன். வரலை. வேற ஒண்ணுதான் வருது. அதையே எழுதுறேன்.

டிசம்பர்ல நீ தூங்காம இருந்த பதினோரு நாளும் நான் பாத்துக்கிட்டே இருந்தேன். மூணாம் நாளே எனக்குத் தெரியும். உங்க அண்ணனுக்கும் தெரியும். "கேப்பமா?"ன்னு நான் கேட்டேன். "கேட்டா ஊருக்குத் தெரிஞ்சிரும், தன்னால சரியாப் போகும்"னாக. நானும் சரின்னுட்டேன். எட்டு நாள் சும்மா இருந்தோம் சுபா. பதினோராம் நாள் நீ கெணத்து மேட்டுல நின்ன. ஈஸ்வரி பாத்துச் சத்தம் போடாட்டி என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் கோயம்புத்தூரைப் பத்திக் கேக்குறா. எப்படியாவது என்னை உண்மையைப் பேச வைக்கணும்னு.

இந்தத் தடவை எட்டு நாள் சும்மா இருக்க என்னால ஆகலை. நீ என்கூடப் பேசாட்டிப் போ.

இன்னொண்ணு. வேப்பிலைன்னு எழுதுனது நான். அம்மைக்கு மருந்து ஆகாதுங்கிறது எனக்கும் தெரிஞ்சதுதான். எழுதுறப்ப அது நெனப்புக்கு வரலை. அந்தம்மா விழுந்ததுல எனக்கும் பங்கு இருக்கு. நீ ஒருத்தியே சொமக்காத.

மதினி


காரைக்குடி
2-8-2021

அன்புள்ள மதினிக்கு,

வணக்கம். நான் தேறி வருகிறேன். கை நடுக்கம் குறைந்திருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும். அம்மாவும் அண்ணனும் நீங்களும் சுகம் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். கிணற்று மேடு எனக்கு நினைவில் இல்லை. நீங்கள் எழுதித்தான் தெரியும். அதற்குப் பிறகு எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் தெரிந்தது நல்லது.

மருந்தைத் தொட மறுத்த ஆறு பேரைப் பற்றிச் சிஸ்டர் எழுதியிருப்பார். அதில் தலையில் கட்டோடு பெத்தாச்சியும் ஒருவர். சிஸ்டர் தினமும் முற்றத்தில் நின்று கெஞ்சுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதம் வந்த மறுநாள், என் பெயரைக் கூப்பிட்டதும் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. இருபத்தொரு பேர் பார்க்கிறார்கள்.

"அது அம்மை இல்ல. வேப்பிலை கட்டச் சொன்னது நான்தான். யாரும் உள்ள போகாம இருக்கத்தான் கட்டச் சொன்னேன். ஆத்தா பேரைச் சொல்லி உங்களை ஏமாத்திட்டேன்" என்றேன்.

பெத்தாச்சிதான் வட்டத்தில் உட்கார்ந்தபடியே கேட்டார். "ஆத்தா பேரை நீ சொன்னியா, ஆத்தாளே உன்னைச் சொல்ல வச்சாளா, அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அதை விடு. இப்ப நீ முழுங்குவியா?"

முழுங்கினேன். சிஸ்டர் டார்ச்சை எடுப்பதற்குள் பெத்தாச்சி எழுந்து ஆறடி தள்ளி வந்து நின்றார். "நல்லாத் தொற. நாக்கைத் தூக்கு. என்ன புள்ள, படிச்ச வாய் இவ்வளவு சின்னதா இருக்கு?" வார்டே சிரித்தது. நானும் வாயைத் திறந்தபடியே சிரித்துவிட்டேன், புரையேறிவிட்டது. அவர் தன் கோப்பையை எடுத்து அப்படியே வாயில் கவிழ்த்துக்கொண்டு சிஸ்டருக்கு நேராக வாயைக் காட்டினார். அன்று நாலு பேர் போட்டார்கள். மீதி இரண்டு பேர் அந்த வாரத்துக்குள். ஆறாம் அறை இப்போது காலி. அழகி பழையபடி என் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள், கையுறை போட்ட கையைத்தான் தருகிறேன், திட்டிக்கொண்டே பிடிக்கிறாள்.

மே மாதம் முப்பதாம் தேதி நீங்கள் கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை. பத்தொன்பது நாள் மாத்திரை போடவில்லை மதினி. மற்றவர்கள் ஆத்தாளுக்குப் பயந்து நிறுத்தினார்கள். நான் பயந்து நிறுத்தவில்லை. அது அம்மை இல்லை என்று தெரிந்த ஒரே நோயாளி நான்தான். மருந்து இல்லாமல் கூச்சம் போய்விட்டது. சிஸ்டர் அறைக்குள் நேராக நடந்து போக முடிந்தது. அந்தச் சுபாவை எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் சில நாள் அவளாக இருக்கலாம் என்றுதான் உங்களிடம் சொல்லவில்லை.

இருபதாம் தேதி வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் மாத்திரை கொடுக்கும் பொறுப்பை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு படிவத்தில் கேட்டிருந்தது. அம்மா பெயரை எழுதலாம், அம்மா நான் சொல்வதை அப்படியே நம்பிவிடும். அண்ணன் கேட்கவே மாட்டார். உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான் கோபப்படுவேன், என்னைச் சின்னப் பிள்ளையா நினைக்கிறீர்களா என்று சண்டைகூடப் போடுவேன். மாத்திரை போட்டுவிட்டேன் என்று பொய்யும் சொல்வேன். அப்போதும் கேளுங்கள்.

உங்கள் அன்புள்ள,
சுபா